மோமோவில் கை நனைத்த நாள்

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிற இடத்தில் தண்ணீர் குடிக்கலாம், காபி குடிக்கலாம். சாப்பிடக்கூடாது. சாப்பிட்டால், அதாவது கை நனைத்தால், சம்மதம் என்று அர்த்தம். கை நனைத்துவிட்டு வந்து பிறகு வேண்டாம் என்றால், சொன்னவர்களும் தலை நிமிர்ந்து நடக்க முடியாது, கேட்டவர்களும் லேசில் மறக்க மாட்டார்கள். இதை யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் ராணுவத்தில் அவில்தாராக இருந்து வந்த என் வீட்டுக்காரருக்கு எழுதாத சட்டம்தான் முதல் சட்டம்.

எங்கள் மகளுக்கு முப்பது வயது. சென்னையில் வேலை. அதுவரை மூன்று சம்பந்தம் வந்து மூன்றும் கூடிவரவில்லை. முதலாவது ஜாதகத்தோடு போயிற்று. இரண்டாவது மகாராஜபுரத்துக்காரர்கள். தெரிந்த மனிதர்கள்தானே என்று இவர் அங்கே உட்கார்ந்து இலைபோட்டு, வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு வந்தார். எட்டாம் நாள் போனில் சேதி வந்தது, பையனுக்கு இப்போதைக்குக் கல்யாணத்தில் விருப்பம் இல்லையாம். அன்றைக்கு இவர் முகம் போன போக்கைப் பார்த்தவள் நான். அதற்கப்புறம் ரொம்ப நாள் அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில்கூட ஏறவில்லை.

மூன்றாவது சம்பந்தம் என் வாயால் போனது. பெண் பார்க்க வந்த அம்மாள் என் மகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நிறம்தான் கொஞ்சம் மட்டு என்றாள். உங்கள் மகன் என்ன பாலாடையிலா பிறந்தான் என்று கேட்டுவிட்டேன். கேட்டது நியாயம்தான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்கள்.

நாலாவதாக ராஜபாளையத்திலிருந்து இந்த சம்பந்தம் வந்தது. பையனின் அப்பா போலீசில் சப் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா வீட்டில் இருந்துகொண்டு நிலத்தையும் பார்த்துக்கொள்கிறார். பையன் பெங்களூரில் ஒரு கம்பெனியில். ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோ போய் வந்துவிட்டது. பையனும் பெண்ணும் இரண்டு மூன்று தடவை போனில் பேசியும் இருந்தார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, பேசினோம் என்று மட்டும் சொன்னாள்.

நேரில் பார்க்க நாள் குறித்த அன்று ராத்திரி சென்னையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். குரலில் சண்டை இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அம்மா, இதுதான் கடைசி. இதுவும் முடியலைன்னா இனிமே என் போட்டோவை யாருக்கும் அனுப்பாதீங்க. நான் பாட்டுக்கு இருந்துக்கிறேன். நீ மட்டும் அங்க வந்து வாயைத் திறக்காத, போதும்."

திறக்க மாட்டேன் என்று சாமி மேல் சத்தியம் செய்து கொடுத்தேன். அதுவும் ஒரு தடவை இல்லை, அவள் கேட்டபடி இரண்டு தடவை.

அடுத்த சிக்கல் எங்கே பார்ப்பது என்பது. பையனின் அப்பாவும் இவரைப் போலவே கை நனைப்பதில் கறாரான ஆள் என்பது போன் பேச்சில் தெரிந்தது. பிள்ளைகள் லீவுக்கு ஒத்துவந்தது மத்தியானம்தான், சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வர மாட்டார்கள், நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போக மாட்டோம். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் பார்க்கலாம் என்றால், கூட்டத்தில் நின்றுகொண்டு என்ன பேசுவது என்றார் பையனின் அப்பா. மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பில் மரத்தடியில் உட்கார்ந்து பேசலாம், அவரவர் கட்டுச்சோறு கொண்டுவருவோம் என்று அவரே ஒரு யோசனையும் சொன்னார். குரங்கு எங்கள் பொட்டலத்தைப் பிரித்து உங்கள் மடியில் போட்டால் அது யார் கணக்கு என்று இவர் கேட்டார். இரண்டு பெரிய மனிதர்கள் இதை ஒரு வாரம் போனில் பேசினார்கள் என்றால் யாராவது நம்புவார்களா?

கடைசியில் மகள்தான் வழி சொன்னாள். ராஜபாளையத்தில் புதிதாக ஒரு ஹோட்டல் திறந்திருக்கிறார்கள், ஏசி, கூட்டம் இருக்காது, உட்கார்ந்து பேசலாம் என்றாள். இவர் யோசித்தார். ஹோட்டல் யார் வீடும் இல்லை. அவரவருக்குப் பிடித்ததை அவரவர் சொல்லி, அவரவர் தட்டில் சாப்பிட்டுவிட்டு எழுந்து வரலாம். பஸ் ஸ்டாண்ட் ஹோட்டலில் தெரியாதவன் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதில்லையா, அது போலத்தான். அந்தப் பக்கமும் சரி என்று சொல்லிவிட்டார்கள். புறப்படும்போது நான் ஒரு பால்கோவா டப்பாவை எடுத்துப் பையில் வைத்தேன். அதுவும் பண்டம்தான் என்று இவர் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்.

ஹோட்டல் மாடியில் இருந்தது. உள்ளே மூங்கில் கூடையைக் கவிழ்த்த மாதிரி விளக்குகள். சுவர் முழுக்க பெரிய நீல அலையும் ஒரு மீனும் வரைந்திருந்தது. ஜப்பான், சீனா, தாய்லாந்து, கொரியா எல்லாம் அந்த ஒரே அடுப்பங்கரையில் என்று மெனு அட்டை சொன்னது. அவர்கள் எங்களுக்கு முன்பே வந்திருந்தார்கள். பையன் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். போட்டோவில் இருந்ததைவிடக் கொஞ்சம் குண்டு, சிரித்த முகம். அவன் அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். நான் பதிலுக்குச் சிரித்தேன். வாயைத் திறக்காமல் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு பக்கம் நாங்கள் மூன்று பேர், எதிர்ப்பக்கம் அவர்கள் மூன்று பேர். ஆண்கள் சுவர் ஓரம் எதிரெதிராக, நடுவில் நானும் பையனின் அம்மாவும், கடைசியில் பிள்ளைகள்.

கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண் வந்து ஆளுக்கு ஒரு உள்ளங்கை அளவு தட்டும் ஒரு ஜோடி குச்சியும் வைத்தாள். இவர் தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஊறுகாய்க்கு இருக்கட்டும், சாப்பிடுகிற தட்டைக் கொண்டா என்றார். இதுதான் சார் தட்டு என்றாள் அவள். பிறகு மனப்பாடம் செய்ததைச் சொல்லத் தொடங்கினாள். இங்கே எல்லாமே ஷேரிங், ஆளாளுக்குத் தனியாக வராது, எல்லாம் மேசை நடுவில் வரும், எல்லாரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும், அதுதான் இந்த ரெஸ்டாரன்ட்டின் கான்செப்ட்.

நான் மகளைப் பார்த்தேன். தெரியாதும்மா என்று கண்ணாலேயே சொன்னாள். ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடக்கூடாது என்று ஊரைச் சுற்றிவந்து, கடைசியில் ஆறு பேரும் ஒரே தட்டில் கை வைக்க வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தோம்.

தனித்தனியாகக் கொடுக்க முடியாதா என்று இவர் மூன்று விதமாகக் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு மனப்பாடம் செய்தது தீர்ந்துபோய்விட்டது. "செத்த இருங்க சார், கேட்டுட்டு வாரேன்" என்று உள்ளே ஓடினாள். அந்தப் பேச்சைக் கேட்டதும் பையனின் அம்மா, நம்ம ஊர்ப்பிள்ளைதான் என்று சிரித்தார். பிறகு கேட்டதில் செட்டியார்பட்டி என்றாள்.

அதற்குள் எதிரே இருந்த சப் இன்ஸ்பெக்டர் வழி கண்டுபிடித்துவிட்டார். எல்லாவற்றிலும் இரண்டு தட்டு சொல்லுவோம், ஒன்று உங்கள் பக்கம், ஒன்று எங்கள் பக்கம். இவருக்கு அது அவ்வளவு பிடித்துவிட்டது. நடுவில் எல்லை வேண்டுமே என்றார். தண்ணீர் பாட்டிலைத் தூக்கி நடுவில் வைத்தார். அவர் டிஷ்யூ டப்பாவை வைத்தார். இவர் சாஸ் பாட்டில்களை வரிசையாக நிறுத்தினார். அவர் பக்கத்து மேசையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மூங்கில் தொட்டியைக் கொண்டுவந்து, இது கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி என்று இவர் சொல்ல, நகர்த்தி வைத்தார். சம்பந்தம் ஆகாமல் இருப்பதற்காக இரண்டு சம்பந்திகள் இவ்வளவு ஒற்றுமையாக வேலை பார்த்ததை நான் எங்கேயும் பார்த்ததில்லை. நானும் அந்த அம்மாவும் கழுத்தைத் திருப்பித் திருப்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நல்ல காரியம் பேச வந்த இடத்தில் கவிச்சி வேண்டாம் என்று எல்லாமே சைவமாகச் சொல்லியிருந்தோம். ஆண்கள் எல்லையைச் சரிசெய்து முடிப்பதற்குள்ளேயே தேனில் பிரட்டின தாமரைத் தண்டு வறுவல் முதலில் வந்துவிட்டது. அப்புறம் உப்புத் தூவி அவித்த ஏதோ ஒரு பச்சைக் காய், நம் மொச்சைக்குத் தூரத்துச் சொந்தம். எல்லாம் இரண்டிரண்டு தட்டு. நான் குச்சியை இரண்டு தடவை பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டேன். இவர், ராணுவத்தில் வடகிழக்கில் இருந்தபோது பழகினேன் என்று ஒரு துண்டைப் பிடித்தார். அது தவறிப்போய் அவருடைய சட்டைப்பையிலேயே விழுந்தது. பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்துகொண்டான். அவனை எனக்குக் கொஞ்சம் பிடிக்க ஆரம்பித்தது.

பேச்சும் நடந்தது. சொத்து, சொந்தம், வேலை, பெங்களூரில் வீட்டு வாடகை எல்லாம் ஆண்கள் பேசினார்கள். ஆனால் முடிவாக ஒரு வார்த்தை இரண்டு பக்கமும் வரவில்லை. இவர் ஊருக்குப் போய் தகவல் சொல்கிறோம் என்பதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியும். மகாராஜபுரத்துக்கு அப்புறம் எந்த இடத்திலும் முதல் வார்த்தை தன் வாயிலிருந்து வரக்கூடாது என்று இருந்தார். எதிரே இருந்தவரும் அதே ரகம். இரண்டு பேரும் தகவல் சொல்கிறோம் என்று எழுந்து போனால், அந்தத் தகவல் எந்தக் காலத்திலும் போய்ச் சேராது. மகள் சொன்ன கடைசி தடவை அப்படியே முடிந்துபோகும். இது எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் என் வாய்க்குத்தான் சத்தியம் செய்து பூட்டுப் போட்டிருக்கிறதே.

அப்போதுதான் மோமோ வந்தது. மூங்கில் கூடையில் ஆவி பறக்க, மடிப்பு மடிப்பாக, நம் பூரணக் கொழுக்கட்டைதான், உள்ளே இனிப்புக்குப் பதில் முட்டைக்கோஸ். அவர்கள் கூடை முதலில் வந்துவிட்டது. எங்களுடையது வரத் தாமதம். பையனின் அம்மா ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"மாவு வேகலையே" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

இங்கே என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இருபத்தெட்டு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். பிள்ளைகள் தட்டில் சோறு விழுவதற்கு முன்னால் தினமும் நான் ஒரு வாய் தின்று பார்க்க வேண்டும், அதுதான் விதி. சமைக்கிறவர்கள் ஒன்று சொல்வார்கள், வாத்தியார்கள் ஒன்று சொல்வார்கள். அமைப்பாளர் நாக்கு சொல்வதுதான் முடிவு. ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியும், வேகவில்லை என்று யாராவது சொன்னால் என் கை தானாகப் போய்விடும்.

போய்விட்டது. சாஸ் பாட்டிலுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவே கையை விட்டு, அவர்கள் கூடையிலிருந்து ஒரு மோமோவை எடுத்து, பாதி கடித்து, நாக்கால் அழுத்திப் பார்த்து, மீதியையும் வாயில் போட்டு மென்று விழுங்கினேன்.

"வெந்திருக்கு. வெறும் மைதாவைப் பச்சைத் தண்ணியில பிசைஞ்சிருக்கான். வெந்நி ஊத்திப் பிசைஞ்சிருந்தா இப்படி ரப்பர் மாதிரி இழுக்காது" என்றேன்.

தீர்ப்புச் சொல்லிவிட்டு நிமிர்ந்தால் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வலது கை விரல்களில் எண்ணெய் மினுங்கியது. அப்போதுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது.

சப் இன்ஸ்பெக்டர் குச்சியைக் கீழே வைத்தார். மெதுவாக, ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதுகிறவர் மாதிரி, தன் மனைவியைப் பார்த்துச் சொன்னார். "பொண்ணோட அம்மா நம்ம தட்டுல கை நனைச்சுட்டாக."

அது ருசி பார்த்தது, சாப்பிட்டதில்லை என்று நான் இழுத்தேன். முழுசா முழுங்கினீகளே என்றார் அவர்.

இனி எல்லாம் என் வீட்டுக்காரர் கையில் இருந்தது. அவர் நினைத்திருந்தால், இவள் விவரம் தெரியாதவள், விட்டுவிடுங்கள் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். வீட்டுக்கு வந்து என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கலாம். இத்தனை வருஷத்தில் என் பக்கம் நியாயம் இருக்கும்போதுகூட அவர் நாலு பேர் முன்னால் எனக்காகப் பேசினதில்லை. என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். மகளையும் பார்த்தார். அப்புறம் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கீழே தரையில் வைத்தார். சாஸ் பாட்டில்களை ஒதுக்கினார். அவர்கள் கூடையைத் தன் பக்கம் இழுத்து, குச்சியைத் தொடாமல் கையாலேயே ஒரு மோமோவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அவ நனைச்சா நான் நனைச்ச மாதிரிதான். எங்களுக்குச் சம்மதம்" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மிளகாய் சாஸ் காரம் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். எதிரே பையனின் அப்பா, முதல் வார்த்தை பெண் வீட்டிலிருந்தே வந்துவிட்ட நிம்மதியில், எங்கள் பக்கத்துத் தாமரைத் தண்டில் இருந்த மிச்சத்தை அள்ளித் தன் தட்டில் போட்டுக்கொண்டார். அவர் மனைவி என் கைக்கு இன்னொரு மோமோவைக் கொடுத்து, வெந்நியா கொதிநீரா என்று கேட்டார். அதற்கப்புறம் வந்த நூடுல்ஸ், தேங்காய்ப்பால் ஊற்றின பச்சைக் குழம்பு, காளான் வைத்து மடித்த வெள்ளை பன் எதற்கும் பக்கம் கிடையாது. எது யார் தட்டு என்றே தெரியாமல் ஆளுக்கு ஆள் எடுத்துப் போட்டார்கள். ஆவணியா தையா என்று பேச்சு வந்துவிட்டது. இரண்டு தட்டாகச் சொன்னதால் பண்டம் மலைபோலக் குவிந்து கிடந்தது, அதையும் ஒரு கை பார்த்தார்கள்.

நான் மட்டும் இரண்டாவது மோமோவைக் கடிக்காமல் தட்டில் வைத்துவிட்டேன். தேதி வரைக்கும் பேசுகிறார்கள், பெண்ணை ஒருத்தரும் கேட்கவில்லை. அவள் அந்தப் பையனை முகம் பார்த்து முழுசாக ஒரு மணி நேரம் ஆகவில்லை. வாயைத் திறக்காதே என்றுதானே சொன்னாள். நான் வாயைத் திறந்து, ஒரு கொழுக்கட்டைக்கு அவளைக் கொடுத்துவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. கை கழுவப் போகலாம் வா என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கை கழுவுகிற இடம் உள்ளே ஒரு தடுப்புக்குப் பின்னால் இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கேட்டேன். "ஏட்டி, புத்தியில்லாம பண்ணிட்டேன். உனக்குப் பிடிக்கலைன்னா இப்பவே சொல்லு. உங்கப்பா மானம் போனாலும் போகட்டும், நான் போய் இல்லைன்னு சொல்லிட்டு வாரேன். பைத்தியக்காரின்னு நினைச்சுக்கிடட்டும்."

அவள் சோப்பைத் தேய்த்துக்கொண்டே கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். சிரித்தாள்.

"நீ எடுக்கிறதுக்கு முன்னாடியே நான் எடுத்துட்டேம்மா."

எனக்குப் புரியவில்லை. நிதானமாகச் சொன்னாள். அப்பாக்கள் இரண்டு பேரும் பாட்டில் நகர்த்திக்கொண்டு இருந்தபோது, நாங்கள் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, முதல் தட்டு வந்ததே, அப்போதே அவள் எதிர்ப்பக்கத்துத் தட்டில் கை நீட்டியிருக்கிறாள். யாரும் கவனிக்கவில்லை. அவன் மட்டும் பார்த்திருக்கிறான்.

"தெரிஞ்சுதான் எடுக்கிறீங்களான்னு கேட்டாரு" என்றாள். "எங்க வீட்டுலயும் இதுக்கு இதுதான் அர்த்தம், தெரியும்லன்னாரு. தெரியும்னு சொல்லிட்டுத்தான் சாப்பிட்டேன்."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள்தான் கை நீட்டிக் குழாயை அடைத்தாள். எனக்குச் சம்பந்தம் பேசின வருஷம், என் அப்பா வெயிலோடு வந்து முற்றத்தில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, கை நனைச்சுட்டு வந்துட்டேன் என்று என் அம்மாவிடம் சொன்னார். நான் அடுப்பங்கரையில் நின்று அதைக் கேட்டேன். எந்த ஊர், யார் மாப்பிள்ளை என்று கேட்கக்கூட எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. இவர் நல்ல மனிதர்தான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் தெரிஞ்சுதானா என்று என்னை அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, அதற்கப்புறமும் யாரும் கேட்கவில்லை.

என் மகளை ஒருத்தன் கேட்டிருக்கிறான். நான் ஈரக்கையோடு அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அழவும் செய்தேன், சட்டை நனையுதும்மா என்று அவள் சொல்லச் சொல்ல விடவில்லை.